கோத்தகிரியில் ஓடும் டீசல் எஸ்யூவிக்கு எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

கோத்தகிரியில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் கேட்கிறார்: "2021-இல் வந்த டீசல் எஸ்யூவி ஒன்றைப் போன வருடம் பழைய வண்டியாக வாங்கினேன். ஏழு பேர் உட்காரலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது என்று தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம்தான். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கோயம்புத்தூர் போவோம். அங்குள்ள சர்வீஸ் சென்டரில் 5டபிள்யூ-30 ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். இங்குள்ள மெக்கானிக், மலையில் ஓடும் வண்டிக்கு அவ்வளவு நீர்த்த ஆயில் தாங்காது, 15டபிள்யூ-40 ஊற்றுங்கள் என்கிறார். மைத்துனரோ, ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றிவிட்டால் 20,000 கிலோமீட்டருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருப்பதுபோல் தெரிகிறது. யார் சொல்வதைக் கேட்பது? நானே வீட்டில் ஆயில் மாற்றலாமா?"

ஐயா, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற மூவரின் யோசனைகளைவிட அதுதான் அவசரம். ஆயில் தானாகப் பெருகாது. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். உங்கள் வண்டியில் கலந்திருப்பது அநேகமாக டீசல்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 என்ற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விற்பனையான டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் அந்தக் கரியை அங்கேயே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. சாதாரண ஓட்டத்தில் டீசல் இன்ஜினின் புகை அவ்வளவு சூடாக இருக்காது. ஆகவே வண்டியின் கம்ப்யூட்டர், எரிந்து முடிந்த சிலிண்டருக்குள் தாமதமாக இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அந்த டீசல் புகையோடு போய் வடிகட்டியைச் சூடாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயிலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெட்ரோல் கலந்தால் நல்ல சூட்டில் பெருமளவு ஆவியாகிப் போய்விடும். டீசல் அப்படி எளிதில் போகாது.

இந்தச் சுத்திகரிப்பு ஒருமுறை தொடங்கி முழுதாக முடிந்தால் கலக்கும் அளவு சொற்பம். பாதியில் நின்றால்தான் தொல்லை. பள்ளி வாசலில் வண்டியை அணைக்கிறீர்கள்; சாயங்காலம் எடுக்கும்போது மறுபடி தொடங்குகிறது; கடைவீதியில் மறுபடி அணைக்கிறீர்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கொஞ்சம் டீசல் கீழே இறங்குகிறது, வடிகட்டி மட்டும் சுத்தமாவதில்லை. நின்றிருக்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடச் சற்று ஏறியிருப்பது, வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி சுற்றிக்கொண்டிருப்பது, முன்பக்கம் சுடு உலோக வாசனை வருவது ஆகியவை சுத்திகரிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள். அந்த நேரத்தில் முடிந்தால் அணைக்காமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

மாதம் ஒருமுறை கோவைக்குப் போகிறோமே, அதில் எல்லாம் எரிந்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். போகும்போது முதல் ஒரு மணி நேரத்தில் எதுவும் எரியாது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அத்தனை இறக்கத்திலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வண்டி தன் பாரத்திலேயே இறங்குகிறது. அப்போது இன்ஜினுக்கு டீசல் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். புகைக்குழாயில் போவது வெறும் காற்று, வடிகட்டி ஆறிப்போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை வழியாகக் கோவை வரை சமதளத்தில் ஒரே சீராக ஓட்டும் தூரமும், திரும்பி மலையேறும் நேரமும்தான் வடிகட்டிக்கு உண்மையான வேலை நேரம். ஏறும்போது பெரிய கியரில் முக்கவிடாமல், ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுழற்சி 2,000-க்கு மேல் இருக்கும்படி ஏறுங்கள். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்காவது கியரில் இழுத்துக்கொண்டு வருபவர்களின் வண்டிகள்தான் டிபிஎஃப் விளக்கோடு ஒர்க் ஷாப்புக்கு வருகின்றன.

சரி, அளவு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நீலகிரியில் இதுவே ஒரு கலை. இங்கே சமமான தரை கிடைப்பது அரிது. வண்டியின் மூக்கு மேல்நோக்கி நின்றால் ஆயில் பின்பக்கம் ஓடும். கீழ்நோக்கி நின்றால் முன்பக்கம். டிப்ஸ்டிக் இன்ஜினின் எந்த முனையில் இறங்குகிறதோ அதைப் பொறுத்துக் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும். பக்கவாட்டுச் சரிவிலும் இதே கதைதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கிக் கதவுக்குக் கீழுள்ள படியில் நீளவாக்கில் ஒருமுறை, இருக்கைகளுக்கு நடுவே தரையில் குறுக்குவாக்கில் ஒருமுறை வையுங்கள். நம் ஊர்களில் பெட்ரோல் பங்க் முற்றம் பெரும்பாலும் சமமாக இருக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் வீட்டு வாசலிலேயே பாருங்கள். ஆனால் எப்போதும் அதே இடம், அதே திசை, காலையில் வண்டியை எடுக்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டும் அளவு பிசகலாம். வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பிசகாது.

கம்பியை உருவி, துடைத்து, முழுதாக இறக்கி, மறுபடி எடுத்துப் பாருங்கள். நுனியில் நிற்கும் சொட்டை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து முகருங்கள். டீசல் கலந்திருந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். விரலில் வழவழப்பு நிற்காமல் தண்ணீர்போல் விலகும். கருப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கருத்துவிடும். கரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, அதைச் செய்கிறது. நிறத்தைப் பார்த்து ஆயிலை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கையும், நிறம் நன்றாக இருக்கிறது என்று மாற்றாமல் விடும் உரிமையாளரையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

மேல் குறியைத் தாண்டி ஏறியிருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு அங்கே செல்லாது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் பேரிங்குகளுக்கு நடுவே நிற்க வேண்டிய படலம் மெலிகிறது. அளவு மிகவும் கூடினால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலைப் பம்ப் சரியாகத் தள்ளாது. இன்னும் மோசமான நிலையில், அந்தக் கலவை காற்றுப் பாதை வழியாக இன்ஜினுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு எரிபொருளாக எரியத் தொடங்கும்; சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்புறம் வெண்ணெய்போல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படிவு ஒட்டியிருக்கக்கூடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பங்கு சைலன்சர் வழியே போய்விட்டாலும் சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டி ஆயில் அறைக்குள் வருகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். கோத்தகிரி மூடுபனியில் மூன்று கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் அது வெளியேறாது. குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு குழைந்துவிடும். இதைப் பார்த்ததும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று செலவு சொல்பவர்கள் உண்டு. கூலன்ட் தொட்டியில் அளவு குறையாமல் இருந்து, டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயில் பால் கலந்ததுபோல் இல்லாமல் இருந்தால், மூடியில் உள்ளது வெறும் மலைக்குளிர். கூலன்ட்டும் குறைகிறது, கம்பியிலும் பால் நிறம் தெரிகிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

இன்ஜின் வெப்பமானி பாதிக்கு வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள். அது காட்டுவது கூலன்ட்டின் வெப்பம். ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். மானி நடுவில் வந்து நின்ற பிறகும் ஆயிலுக்கு இன்னும் வெகுநேரம் வேண்டும். உங்கள் பள்ளி ஓட்டத்தில் ஆயில் ஒருநாளும் முழுச் சூட்டைப் பார்ப்பதில்லை. மலையேற்றம் இன்ஜினைக் கெடுக்கிறது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பர்லியாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியின் ஆயில் நன்றாகவே இருக்கிறது, ஐயா. கெட்டுப்போவது மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டியின் ஆயில்.

இப்போது எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ ஒட்டிய முதல் எண் குளிருக்கானது, இரண்டாவது எண் சூட்டுக்கானது. முதல் எண் சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் வேகமாக ஓடும். 15டபிள்யூ ஆயிலைக் கழித்தல் 20 டிகிரியில் இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள்; 5டபிள்யூ ஆயிலைக் கழித்தல் 30-இல். உதகையில் டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 15டபிள்யூ ஊற்றினாலும் வண்டி கிளம்பத்தான் செய்யும். உங்கள் மெக்கானிக்கின் வண்டியும் தினமும் கிளம்புகிறது. ஆனால் கிளம்புவது வேறு, கிளம்பிய முதல் சில நொடிகளில் ஆயில் டர்போவரைக்கும் கேம் தண்டுவரைக்கும் போய்ச் சேர்வது வேறு. அந்தக் குளிரில் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30ஐவிட ஏறத்தாழ இருமடங்கு கெட்டியாக இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகிற உங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 40 என்பது 30-ஐவிடக் கெட்டி, அவ்வளவுதான். அது தரத்தின் எண் இல்லை. மலைக்கு ஏறும்போது சூட்டில் மெலிந்துவிடுமே என்ற மெக்கானிக்கின் கவலை நியாயமானது. அதற்குப் பதில் இந்த எண்ணில் இல்லை, டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. ஏசிஇஏ என்பது ஐரோப்பிய கார் உற்பத்தியாளர்களின் சங்கம். அவர்கள் வகுத்த சி2, சி3 ஆகிய இரண்டு வகைகளிலும் 5டபிள்யூ-30 ஆயில் கிடைக்கிறது. 150 டிகிரி சூட்டில், பேரிங்கில் நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. சி2-க்குக் குறைந்தபட்சம் 2.9, சி3-க்கு 3.5. ஆக, சி3 என்று எழுதிய 5டபிள்யூ-30 குளிரில் சுறுசுறுப்பாக ஓடும், சூட்டில் 40 எண் ஆயில்களுக்கு விதிக்கப்படும் அளவையும் ஏறத்தாழ எட்டிப்பிடிக்கும். உங்கள் கையேடு இரண்டையும் அனுமதித்தால் கண்ணை மூடிக்கொண்டு சி3 எடுங்கள். டீசல் செலவு ஒரு துளி கூடலாம். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டிக்கு அது போகட்டும். கையேட்டில் சி2 மட்டும்தான், அல்லது உற்பத்தியாளரின் தனி எண் ஒன்றுதான் போட்டிருக்கிறது என்றால் அதற்கே கட்டுப்படுங்கள்.

சி வரிசையில் இருப்பதற்கு இன்னும் பெரிய காரணம் சாம்பல். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்தால் சாம்பலாகின்றன. எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது டிபிஎஃப்புக்குள்ளேயே தங்கி, வருடம் போகப்போக அதை அடைத்துவிடும். சி2, சி3 ஆயில்களில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் கடைகளில் லாரிக்கென்று அடுக்கியிருக்கும் பழைய வகை 15டபிள்யூ-40 ஆயில்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை ஊற்றினால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஊற்றச் சொன்னவர் தாம் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டிருப்பார். வடிகட்டி அடைத்து, மாற்றுவதற்கான செலவைக் கேட்கும் நாளில் ஆயிலை யாரும் நினைக்க மாட்டார்கள்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டிபிஎஃப் இல்லாத பழைய ஜீப்புக்கும், தேயிலை மூட்டை ஏற்றும் பிக்அப்புக்கும் அவர் ஊற்றும் 15டபிள்யூ-40 சரியான ஆயில்தான். அந்த வண்டிகளில் கைபழகியவர், அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். உங்கள் வண்டியில் இருப்பது வேறு இன்ஜின்.

மைத்துனரின் 20,000 கிலோமீட்டர் கணக்கு ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடும் கார்களுக்கானது. ஃபுல்லி சிந்தெடிக் நல்லதுதான்; சி3 தரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அதுவே. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பல தரம் அடங்கும். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் வகை எண்ணெயையும் சிந்தெடிக் என்றே விற்கலாம் என்று அமெரிக்க விளம்பரத் தணிக்கை அமைப்பு ஒன்று 1999-இல், இரண்டு பெரிய நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் முடிவு சொன்னது; பல நாடுகளிலும் வணிகம் அந்தப் பக்கமே போய்விட்டது. ஆகவே டப்பாவின் முன்பக்கப் பெரிய எழுத்தை நம்பாமல் பின்பக்கத் தர எண்களைப் படியுங்கள். எவ்வளவு உயர்ந்த ஆயிலானாலும் அதில் டீசல் கலந்தால் நீர்க்கத்தான் செய்யும். தண்ணீர் சேர்ந்தால் குழையத்தான் செய்யும். டப்பாவில் போட்ட விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? உங்கள் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். முதலாவது சாதாரண ஓட்டத்துக்கு, பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். அதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் கடுமையான ஓட்டத்துக்கான அட்டவணை. அந்தப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது, குளிரில் ஓட்டுவது, மலைப்பாதையில் ஓட்டுவது, நீண்ட நேரம் நிறுத்தி ஓடவிடுவது. நீலகிரியில் பதிவான வண்டி ஒவ்வொன்றும் இதில் ஏதோ ஒன்றில் விழும். உங்களுடையது முதல் மூன்றிலும் விழுகிறது. என் கணக்கு ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதக் கடைசியில் ஒன்று. பனிக்காலம் தொடங்கும்போது நவம்பர் கடைசியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கிலோமீட்டர் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். குறைவாக ஓடியதுதான் உங்கள் ஆயிலின் நோயே.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. டிபிஎஃப் தொல்லை இல்லை. ஏபிஐ எஸ்பி என்ற 2020-ஆம் ஆண்டுத் தரம் இருந்து, கையேடு சொன்ன எண்ணும் இருந்தால் போதும். ஆறு மாதக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் நீங்களே மாற்றலாமா என்றால், தாராளமாக. ஆனால் உத்தரவாதம் மிச்சமிருந்தால் அது முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே மாற்றுங்கள். பிற்பாடு இன்ஜினில் ஏதாவது வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அந்தப் பில்தான்.

சமதரை கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். எஸ்யூவிக்குத் தரை இடைவெளி அதிகம், பெரும்பாலும் தூக்காமலே கை நுழையும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கை பிரேக், கியர், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, மூன்றும் வேண்டும். நம் ஊர் வாசல்களில் சிறு சரிவைக் கண் கண்டுபிடிக்காது, வண்டி கண்டுபிடித்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடோடு இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். டிபிஎஃப் சுத்திகரிப்பு முடிந்த கையோடு அடியில் புகுந்தால் புகைக்குழாய் கையைப் பொசுக்கிவிடும்.

மேல் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசிச் சுற்றில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடி திருகி, சட்டென்று விலக்கினால் முழங்கைவரை வழியாது. முதலில் ஆயில் நேராக இறங்காது. ஒரு சாண் தள்ளிப் பீய்ச்சும். பாத்திரத்தை அங்கே வைத்து, வேகம் குறையக் குறையப் பின்னால் இழுங்கள். சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை காத்திருங்கள். டீசல் கலந்த பழைய ஆயிலைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் எடுப்பதற்குத்தான் இத்தனை பாடு. போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். இப்போதைய சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) பலவும் அலுமினியம். பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குவது உத்தமம்.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையமும் ஒன்றையொன்று வழுக்கி, ஓடும்போது மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். கோத்தகிரியிலிருந்து இறங்கும் சாலையில் அப்படி ஆயில் கோடு போட்டுக்கொண்டே போன ஒரு பிக்அப்பைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த இருசக்கர வாகனங்கள் வளைவில் தடுமாறியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. புது வளையத்தில் ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வண்டியில் காகித உருளை மட்டும் மாற்றும் வகையாக இருந்தால், மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும்.

கையேட்டில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். இன்ஜினைக் கிளப்பினால் சில நொடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் குறிவரை நிரப்ப வேண்டாம். இரண்டு குறிகளுக்கும் நடுவே, சற்று மேலே நிறுத்துங்கள்; டீசல் இறங்குவதற்கு இடம் விட்டுவைப்பது உங்கள் மாதிரி ஓட்டத்துக்கு நல்லது. திரையில் ஆயில் சர்வீஸ் கணக்கை மறுபடி தொடங்கச் செய்யுங்கள். சில வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் கருவி வேண்டியிருக்கும். இன்ஜின் ஃப்ளஷ், கூடுதல் சேர்மானப் புட்டி என்று கடைக்காரர் நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஆயிலைப் பெட்ரோல் நிறுவனங்களின் பங்கிலோ, பில் தரும் பெரிய கடையிலோ வாங்குங்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டு எறியுங்கள். முழுசாகக் கிடந்தால் அதில் போலி ஆயில் நிரம்பி வேறொருவர் வண்டிக்குப் போகும்.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும், தேயிலைத் தோட்ட வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூசுவதும் இங்கே இன்னும் நடக்கிறது. கோத்தகிரிச் சரிவில் இறங்கும் ஓடைகள் பவானிக்கோ மாயாற்றுக்கோதான் போகின்றன; மாயாறும் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. கீழே அதைக் குடிக்கிறார்கள். சட்டப்படியும் அது அபாயக் கழிவு. பழைய டப்பாவிலேயே நிரப்பி, கழிவு ஆயில் எடுப்பவருக்குக் கொடுக்கும் ஒர்க் ஷாப் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். காசுகூடத் தருவார்கள்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டு மாற்றம். காலையில் பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்கும் வழக்கம் நம் மலையில் எல்லோரிடமும் இருக்கிறது. பாரமில்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடாவதே இல்லை; கரியும் டீசலும்தான் சேரும். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டியபடியே சூடேற்றுங்கள். இன்னொன்று, மலையேறி வந்ததும் டீக்கடையில் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கொதிக்கும் டர்போவில் நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகிவிடும்.

ஆயில் மாற்றிய நாளிலிருந்து வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் அளவைக் கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் குறியுங்கள். ஆறு மாதத்தில் ஒரு விரல்நுனி ஏறினால் அது உங்கள் ஓட்டத்தின் இயல்பு. ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே மறுபடி மேல் குறியைத் தொட்டால் இனி ஆயிலை மாற்றிப் பயனில்லை. டிபிஎஃப்பின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரையும், கசியும் இன்ஜெக்டர் இருக்கிறதா என்பதையும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கோவைக்கு எடுத்துப் போங்கள். அந்த நோட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். அதைக் காட்டினால் அங்கே யாரும் "எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்" என்று சொல்லி அனுப்ப முடியாது.